பிடிமானம்

எங்கூட்டுக்கு முதல் மோட்டார் சைக்கிள் 2014இல் வந்தது. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100. வாங்கியவன் நான். சேரியில் அதற்கு முன்பே பத்துப் பதினஞ்சு வண்டி இருந்தது. ஓசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிற பையன்கள் தவணைக்கு வாங்கி ஓட்டினார்கள். நான் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, வன்கொடுமை வழக்குகளுக்கு மனு எழுதிக்கொண்டு, சாட்சிகளைத் தேடி ஊர் ஊராய்த் திரிந்துகொண்டிருந்தேன். பஸ்ஸை நம்பி ராத்திரியில் ஒரு சேரிக்குப் போய்த் திரும்ப முடியாது. அதனால் வண்டி வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி நிஜம். மீதிப் பாதியை இத்தனை வருசமா யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்க ஊர் சூளகிரிக்கும் பேரிகைக்கும் நடுவில். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். சக்கிலியர் என்று எழுதினாலும் அருந்ததியர் என்று எழுதினாலும் ஊர்க்காரன் எங்களைக் கூப்பிடுவது ஒரே சொல்லில்தான். தாத்தாவுக்குத் தோல் வேலை. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் அந்தக் கவலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர். பம்புசெட் வந்தது, கவலை போனது, தாத்தாவின் ஊசியும் போனது. நைனா கூலிக்குப் போனார். ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். என்னை முன்னால் பாரில் உட்கார வைத்து ஓட்டிவருவார். ஊர்த்தெரு ஆரம்பிக்கிற புளியமரம் வந்ததும் இறங்கிவிடுவார். தள்ளிக்கொண்டு நடப்பார். தெரு முடிந்ததும் மறுபடி ஏறுவார்.

"ஏன் நைனா எறங்குற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மேடுடா. மிதிக்க முடியாது" என்றார்.

அந்தத் தெரு மேடில்லை. அது எனக்கு உறைக்கப் பல வருசம் ஆனது.

1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டதை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்புப் போடவோ கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். சைக்கிள் அதில் இல்லை. பட்டியலில் இல்லாததையும் எங்க சனம் தானாகப் புரிந்துகொண்டது. நைனாவுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. புளியமரமே போதுமாயிருந்தது.

நான் சொல்லாமல் வைத்திருந்த மீதிப் பாதி இதுதான். அந்தத் தெருவில் நான் இறங்காமல் போகவேண்டும். சும்மாப் போகக் கூடாது. சத்தமா, வேகமா, திண்ணையில் இருக்கிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி போகவேண்டும்.

ஆர்எக்ஸ் 100 ஐப் பற்றி இந்தப் பக்கத்துப் பையன்களிடம் கேட்டால் பாட்டு மாதிரிச் சொல்வார்கள். 1985இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி ஜப்பான் யமஹாவோடு சேர்ந்து கொண்டுவந்த டூ ஸ்ட்ரோக் வண்டி. 98 சிசி. 7500 சுற்றில் 11 குதிரைத் திறன். எடை ஏறத்தாழ 100 கிலோதான். அதனால் கையை முறுக்கினால் பாயும். 1996இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஓசூரிலும் பெங்களூரிலும் அது நிற்கவே இல்லை. இத்தனைக்கும் ஓசூர் மோட்டார் சைக்கிள் செய்கிற ஊர். 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் வெளியே வந்தது. 1984இல் இந்த்-சுசுகி 100 சிசி. பிறகு சாமுராய், ஷோகன். ராகி விளைந்த காட்டில் கம்பெனிகள் வந்து, எங்க சனம் முதலில் கட்டட வேலைக்கும் லோடு ஏற்றவும் பெருக்கவும் போய், அப்புறம் காண்ட்ராக்டில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது. வண்டியின் உறுப்புகள் எங்க கையில் புரண்டன. வண்டி கைக்கு வர இன்னொரு தலைமுறை ஆனது.

என் தாய்மாமன் மகன் பாகலூர் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். எட்டாவதோடு நின்று, ஒரு கடையில் பத்து வருசம் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துத் தொழில் பழகியவர். எனக்கு மூத்தவர். நான் மச்சான் என்பேன், அவர் மாப்ள என்பார். வண்டியை அவரிடம்தான் விட்டேன். "சத்தமும் வேகமும் வேணும் மச்சான்" என்றேன். அவர் சிரித்தார். பிளாக்கைக் கழட்டி எக்ஸாஸ்ட் போர்ட்டை அரம் போட்டுத் தேய்த்து உயர்த்தினார். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி, கம்ப்ரஷனை ஏற்றினார். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் தேடி ஒரு பெரிய கார்பரேட்டர் வாங்கிவந்தார். கம்பெனி சைலன்சரைக் கழட்டிவிட்டு, வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டினார். முடித்துவிட்டுச் சொன்னார்.

"மாப்ள, இஞ்சின் வேல ஆயிடுச்சு. கிளட்சையும் கழட்டிப் பாத்துரலாம். இது கம்பெனி குடுத்த பலத்துக்கு வெச்ச கிளட்சு. அதுவும் இருவது வருசத்துப் பழசு."

"கையில காசில்ல மச்சான். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

காசில்லை என்றது பொய். அன்றைக்குச் சாயங்காலம்தான் டேங்குக்கு நீலப் பெயிண்ட் அடித்து, 'ஜெய் பீம்' என்று எழுதக் கொடுத்தேன். அந்தக் காசுக்குப் பிளேட்டும் ஸ்பிரிங்கும் வந்திருக்கும். வெளியே தெரிகிறதுக்குச் செலவு செய்தேன். உள்ளே இருக்கிறதுக்குச் செய்யவில்லை.

ஊர்த்தெருவில் ஓட்டினேன். திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் போதவில்லை, மறுபடியும் ஓட்டினேன்.

மூணாவது வாரம், அஞ்செட்டிப் பக்கம் ஒரு சேரியிலிருந்து ஆள் வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான் என்று ஒரு பையனை அடித்துக் கையை முறித்திருந்தார்கள். பையனின் அப்பா புகார் கொடுக்கத் தயார். ஆனால் ராத்திரிக்குள் ஊரில் பேசி முடித்துவிடுவார்கள். விடிவதற்குள் அவரை ஓசூருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நான் போனேன். போகும்போது மலை இறக்கம், வண்டி பறந்தது. அந்தப் பெரியவரைப் பின்னால் உட்காரவைத்துத் திரும்பும்போது மணி பத்துக்கு மேல். அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு வருகிற பாதை காட்டுக்குள் ஏறிவருவது. யானை நடமாடுகிற இடம். கொஞ்சத் தூரத்திலேயே பின்னால் ரெண்டு மூணு வெளிச்சம் தெரிந்தது.

"தம்பி, அவனுங்கதான்" என்றார் பெரியவர்.

நான் முறுக்கினேன். இஞ்சின் கத்தியது. சத்தம் ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது. வண்டி ஏறவில்லை. இன்னும் முறுக்கினேன். சத்தம் காடு முழுக்கக் கேட்டது. வேகமானி முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கருகிய வாசனை வந்தது. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று புரிந்தபோது வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது.

அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மூணு வண்டி, ஆறு பேர். அடிக்கவில்லை. பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் என் டேங்கின் மேல் டார்ச் அடித்து எழுத்துக் கூட்டிப் படித்தான். "என்னாடா, வண்டி ஏறலியா? எறங்கித் தள்றா" என்றான். கூடவே எங்க சாதிப் பேர். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தன் கண்ணாடியைக் காலால் உதைத்துவிட்டு, பெரியவரின் பேரைச் சொல்லி, "காலையில ஊருக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னான். திரும்பிப் போய்விட்டார்கள். எங்களைத் துரத்த வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது.

நான் இறங்கினேன். தள்ளினேன். நைனா தள்ளின மாதிரியே தள்ளினேன். இந்த முறை நிஜமாகவே மேடு.

கொஞ்ச நேரம் இஞ்சினை ஆறவிட்டு, முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முக்கால்வாசி குறைத்து, மெதுவாக விட்டபோது கிளட்ச் பிடித்தது. முறுக்கினால் வழுக்குகிறது, குறைத்தால் பிடிக்கிறது. அப்படியே ஊர்ந்து தேன்கனிக்கோட்டை வந்து, ஓசூர் வந்தோம். பெரியவர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, என்னைய ஊருக்கு பஸ் ஏத்தி உட்டுரு. நாளைக்கு நான் அங்கதான இருக்கணும்."

எவ்வளவோ பேசினேன். சட்டம் சொன்னேன். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு, நிவாரணம், எல்லாம் சொன்னேன். அவர் என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறிப் போனார். புகார் கொடுக்கவில்லை. பையனுடைய கை கோணலாகவே கூடியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என்னால் அந்த வழக்கு போனது என்று சொன்னால் தோழர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பயமுறுத்தல், சாதி பலம், போலீஸ் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனாலும் அந்த மனுசன் அன்றைக்கு ராத்திரி எங்க இயக்கத்தின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சத்தம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று அவர் பார்த்துவிட்டார்.

மச்சான் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஆயிலை வடித்து, வலது பக்க மூடியைக் கழட்டி, ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒவ்வொண்ணாகத் தளர்த்தி, பிளேட்டுகளை வரிசையாக ஒரு பழைய பேப்பர் மேல் அடுக்கிவைத்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ரெண்டு வருசம் தொல்காப்பியமும் சங்க இலக்கியமும் படித்த எனக்கு, ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று முழுசாகச் சொல்லிக்கொடுத்த முதல் வாத்தியார் அவர்தான்.

"பாரு மாப்ள. இது கார்க் பிளேட்டு. வெளிப் பல்லு. டப்பாவோட சுத்தும். டப்பாவச் சுத்துறது இஞ்சினு. இது ஸ்டீல் பிளேட்டு. உள்பல்லு. நடு ஹப்போட சுத்தும். ஹப்பு போறது கியர்பாக்ஸுக்கு, அப்பறம் சக்கரத்துக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஆணி கெடையாது, நட்டு கெடையாது. ஸ்பிரிங்கு அமுக்குது, பிளேட்டும் பிளேட்டும் ஒண்ண ஒண்ணு கவ்விப் புடிக்குது. அவ்வளவுதான். லீவர நீ புடிச்சா ஸ்பிரிங்கு ஒதுங்கும். உட்டா அமுக்கும்."

ஒரு கிளட்ச் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதற்கு நாலே விசயம். ஸ்பிரிங் அமுக்குகிற பலம், உரசுகிற பரப்பின் பிடிப்பு, பிளேட்டின் சராசரி ஆரம், உரசுகிற முகங்களின் எண்ணிக்கை. நாலையும் பெருக்கினால் வருவதுதான் அதன் தாங்கு சக்தி. நாலு கார்க் பிளேட் இருந்தால் எட்டு முகம். அஞ்சாவது போட்டால் பத்து முகம். மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால் கால் பங்கு பலம் கூடும். இஞ்சினில் எவ்வளவு கூட்டினாலும், இந்தக் கணக்குக்கு மேலே போன இழுவை சக்கரத்துக்குப் போகாது. பிளேட்டிலேயே உரசிச் சூடாகிக் கருகும். குதிரைத் திறன் என்று நாங்கள் பீற்றிக்கொள்வது சுற்றும் சேர்ந்த கணக்கு. கிளட்சுக்குத் தெரிவது முறுக்கு மட்டும்தான். கியரை இறக்கி, ஆக்சிலேட்டரைக் குறைத்தபோது அன்றைக்கு வண்டி ஏறியதற்குக் காரணம் அதுதான். சின்னக் கியரில் அதே ஏற்றத்துக்குக் கிளட்ச் தாங்கவேண்டிய முறுக்கு குறைவு.

கார்க் பிளேட்டுகள் தேய்ந்து மினுமினுத்தன. "கண்ணாடியாயிடுச்சு" என்றார். பிளேட் தேய்ந்தால் அடுக்கு மெலிகிறது. அடுக்கு மெலிந்தால் ஸ்பிரிங் அமுங்குவது குறைகிறது. ஆக, தேய்மானம் ரெண்டு பக்கமும் அடிக்கிறது. ஸ்டீல் பிளேட்டுகளில் ரெண்டு சூட்டில் நீலம் பாரித்திருந்தன. கண்ணாடிப் பலகையில் வைத்து அழுத்தினார். ஒன்று ஆடியது. வளைந்துவிட்டது. ஸ்பிரிங்குகளை வெர்னியர் வைத்து அளந்தார். சூட்டில் குறுகியிருந்தன. டப்பாவின் காடிகளில் பிளேட்டின் பல் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் பிளேட் மாட்டிக்கொண்டால் லீவரைப் பிடித்தாலும் முழுசா விலகாது, விட்டாலும் முழுசாச் சேராது. அரம் வைத்து ஒரே மட்டமாகத் தேய்த்தார்.

பிறகு ஆயிலைக் கேட்டார். நான் யாரோ கொடுத்த கார் ஆயிலை ஊற்றியிருந்தேன். தலையில் அடித்துக்கொண்டார். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கும். காருக்குக் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே காய்ந்தபடி இருக்கிறது, அதனால் கெடுதலில்லை. நம்ம கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே குளித்துக்கொண்டு சுற்றுகிறது. வழுக்குகிறதுக்கு நாமே மருந்து ஊற்றின மாதிரி.

புதுக் கார்க் பிளேட்டுகளை ராத்திரி முழுக்க நல்ல ஆயிலில் ஊறவைத்தார். காய்ந்த பிளேட்டை அப்படியே போட்டால் முதல் உரசலிலேயே கருகிவிடுமாம். வளைந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்டீல் பிளேட்டு முழு செட்டும் புதுசு போட்டார். ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டியானது. "ரொம்பக் கெட்டியா வேணாமா மச்சான்?" என்றதற்கு, "உன் கை வலிக்கும். கேபிள் அறும். டிராபிக்ல நீ லீவர் புடிச்சுப் புடிச்சு, பாதிப் புடிச்சே ஓட்டுவ. அப்ப புதுப் பிளேட்டும் எரியும்" என்றார். கடைசியாக லீவரில் ரெண்டு மூணு மில்லி ஆட்டம் விட்டு கேபிளைக் கட்டினார். ஆட்டமே இல்லாமல் இறுக்கிக் கட்டினால் கிளட்ச் எந்நேரமும் கொஞ்சம் பிடித்தமாதிரியே இருந்து வழுக்கிக்கொண்டே போகும்.

"புடிக்காத கிளட்சுக்கு முன்னாடி எத்தன குதிரையக் கட்டுனாலும் சத்தந்தான் மாப்ள வரும்" என்றார்.

இதையெல்லாம் கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என் மாமா, மச்சானின் அப்பா. இருமினார். அவருக்கு எப்போதும் இருமல்தான். தேய்ந்த பிளேட் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது கார்க்கு. பரவால்ல. நாங்க செஞ்சது வேற" என்றார்.

1990களில் மாமா ஒரு பட்டறையில் காண்ட்ராக்ட் கூலி. லாரி கிளட்ச் பிளேட்டுக்கு மேலே ஒட்டுகிற வளையத்துக்கு ஓட்டை போட்டு, ஓரம் சாணை பிடிக்கிற வேலை. கல்நார் கலந்த சரக்கு. சாணை பிடித்தால் தூள் பறக்கும். மூக்குக்கு ஒரு துண்டுத் துணி. வீட்டுக்கு வந்தால் அத்தை அந்தச் சட்டையை உதறித் துவைப்பாள். பத்து வருசத்துக்கு மேல் அந்த வேலை. பட்டறை இப்போது இல்லை. இருமல் இருக்கிறது. காசநோய் என்று சொல்லி ரெண்டு தடவை மாத்திரை கொடுத்தார்கள். நிற்கவில்லை. கல்நார் நுரையீரலில் தங்கினால் இருபது முப்பது வருசம் கழித்துத்தான் காட்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. என்ன வேலை செய்தீர்கள் என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் மருத்துவப் பதிவேடு வைக்கவேண்டும், வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருசமோ ஓய்வுபெற்று 15 வருசமோ அதைப் பாதுகாக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. மாமா அப்போது வேலையில் இருந்தார். ஆனால் மாமாவின் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காண்ட்ராக்டர் நோட்டில் தலைக்கணக்குத்தான் இருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இந்தியா இன்னும் இறக்குமதி செய்கிறது.

ஆரம்ப கால மோட்டார் கார்களின் கிளட்ச் கூம்பு வடிவில் இருந்தது, அதன்மேல் போர்த்தியிருந்தது தோல் என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடிக்கும், அதனால் எண்ணெய் தடவி மெதுவாக வைத்திருப்பார்களாம். எனக்குத் தாத்தாவின் ஞாபகம் வந்தது. கவலைத் தோலுக்கு அவர் எண்ணெய் போட்டுப் பதப்படுத்தியதைப் பற்றி நைனா சொல்லியிருக்கிறார். உலகத்தின் முதல் கார்கள் தோலைக் கொண்டுதான் நகர்ந்தன. தோலைத் தொட்டவர்கள் தீட்டு. அப்புறம் தோலுக்குப் பதில் கல்நார் வந்தது. அதையும் தொட்டது எங்க சனம்தான். பிடிமானம் எங்க கையால் ஆனது. பிடிமானம் இல்லாமல் இருப்பதும் நாங்கள்தான்.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நூலில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். 1929இல் சாளிஸ்காவ் ரயில்நிலையத்தில் இறங்கினார். தீண்டப்படாதவர்களின் குறைகளை விசாரிக்கிற அரசுக் குழுவின் உறுப்பினர் அவர். அங்கிருந்த மகார் மக்கள் அவரைத் தங்கள் சேரிக்கு அழைத்துப் போக விரும்பினார்கள். குதிரைவண்டிக்காரன் எவனும் மகாருக்கு வண்டி ஓட்ட ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறேன், நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள் என்றான் ஒருத்தன். வண்டி ஓட்டியே பழக்கமில்லாத ஒரு மகார் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் கல்லில் மாட்டி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன.

இந்தச் சம்பவத்தைச் சாதிக் கொடுமைக்கு உதாரணமாகத்தான் கூட்டங்களில் பேசிவந்தேன். அஞ்செட்டி மலைக்குப் பிறகு வேறொன்றும் தெரிந்தது. அந்த மகார் சகோதரரின் அன்பில் குறையில்லை, மானத்தில் குறையில்லை. ஓட்டப் பழகவில்லை, அவ்வளவுதான். பழகவிடவில்லை என்பது முதல் உண்மை. பழகாமல் ஓட்டினால் விழுவோம் என்பது ரெண்டாவது உண்மை. முதல் உண்மையை மட்டும் பேசி நாங்கள் பல மேடை ஏறியிருக்கிறோம்.

வண்டி மேல் அவர்களுக்கு இருக்கிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. 2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளைக் கொளுத்தினார்கள். ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டினார்கள். எரிந்ததில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்த காசில் வாங்கிய மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டினான் என்பதற்காக வெட்டினார்கள் என்று வீட்டார் சொன்னார்கள். ஆக்சிலேட்டர் ஒரு கை, கிளட்ச் ஒரு கை. எதை வெட்டினால் வண்டி நிற்கும் என்று தெரிந்துதான் வெட்டினார்கள்.

அதனால் எங்க பையன்கள் சத்தம் வைப்பதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் புகழவும் மாட்டேன். சேரியில் இந்தப் பத்து வருசத்தில் நாலு பையன்களை ரோட்டில் பறிகொடுத்தோம். நாலு பேரும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில், நாலு வண்டியிலும் இஞ்சின் வேலை செய்திருந்தது. பிரேக்கை யாரும் தொடவில்லை. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தச் சட்டம் ரோட்டில் முதலில் நிறுத்துவது யார் வண்டியை என்று எல்லோருக்கும் தெரியும். சாவுக்குச் சாதி தெரியாது என்பார்கள். காயமும் கடனும் யார் வீட்டுக்கு வருகிறது என்று கேட்டால் அதற்கும் சாதி உண்டு.

நான் சைலன்சரைக் கழட்டிக் கம்பெனி சைலன்சரையே மாட்டினேன். கார்பரேட்டரும் பழையது. மச்சான் "நல்ல வேல செஞ்சதெல்லாம் வீணா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டார். கிளட்ச் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றேன். இப்போது ரெண்டு ஆளும் ஒரு மூட்டை மனுவும் ஏற்றிக்கொண்டு எந்த மலையும் ஏறும்.

அந்த வருசம் நைனாவைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். புளியமரம் வந்தது. அவர் என் தோளைத் தட்டினார். இறக்கிவிடச் சொல்கிறார். நான் நிறுத்தவில்லை. ரெண்டாவது கியரில், சத்தமில்லாமல், மெதுவாக ஓட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெரு முடிகிற வரைக்கும் அவர் விரல்கள் என் தோளில் அழுந்தியிருந்தன. வீட்டில் இறங்கியதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழட்டியபோது நகத்தடம் இருந்தது.

இப்போது இந்தப் பக்கத்தில் மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகள் வந்துவிட்டன. 2021இல் ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா. அந்த வண்டிகளில் கிளட்ச் என்பதே இல்லை. என் தங்கச்சி அப்படி ஒரு வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள். ஊர்த்தெரு வழியாகத்தான். நான் ஆர்எக்ஸை முறுக்கிக் காட்டியதைப் பற்றி அவளிடம் பேசினால் சிரிக்கிறாள். "நீங்க ஆம்பளைங்க போனா சண்டைக்குப் போற மாதிரியே போறீங்க. நான் டூட்டிக்குப் போறேன்" என்கிறாள். அவளுக்கும் காண்ட்ராக்ட்தான். ஒவ்வொரு வருசமும் நிறுத்தி மறுபடி எடுக்கிறார்கள். வண்டியில் கிளட்ச் போய்விட்டது, வேலையில் வழுக்கல் போகவில்லை.

சட்டமும் அப்படித்தான். 1989இல் சட்டம் வந்தது, 1995இல் விதிகள் வந்தன, 2015இல் திருத்தி இன்னும் பலமாக்கினார்கள். 60 நாளில் குற்றப்பத்திரிகை, குற்றப்பத்திரிகை தாக்கலாகி ரெண்டு மாதத்தில் விசாரணை என்று இருக்கிறது. இஞ்சின் நல்ல இஞ்சின். ஆனால் சேரியிலிருந்து ஸ்டேசன் வரைக்கும், ஸ்டேசனிலிருந்து கோர்ட் வரைக்கும் ஒரு சாட்சியைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது யார்? அவர் ஊருக்குத் திரும்பியதும் பக்கத்தில் இருக்கிறது யார்? நாங்கள் கூட்டம் போட்டோம், பேசினோம், பத்திரிகையில் எழுதினோம். சாட்சி வீட்டில் ஒரு வாரம் படுத்திருந்தோமா? அதற்கு ஆள் வைத்தோமா? நான் வைக்கவில்லை.

2016இல் அஞ்செட்டிக்கு மறுபடி போனேன். பெரியவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். கை கோணல்தான். கேரளாவுக்கு வேலைக்குப் போகப் போகிறானாம். வழக்கைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது அவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். டேங்கில் எழுத்து இன்னும் இருந்தது.

"இப்ப ஏறுமா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை.

"ஏறும் பெரியப்பா."

"சத்தமே இல்லியே."

"இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தார். பக்கத்துச் சேரியில் சுடுகாட்டுப் பாதையை மறித்திருக்கிறார்கள், அவர்களுக்கு மனு எழுத ஆள் இல்லை, வழி காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.